ஆய்வை ஆணையாக அனுப்பாதீர்கள்: ஆசிரியர் பயிற்சியைத் திட்டமிடுவோருக்கு ஒரு திறந்த மடல்

ஆசிரியர் பயிற்சிகளைத் திட்டமிடும் அலுவலர்களுக்கும், வகுப்பறைகளைப் பார்வையிட வரும் அதிகாரிகளுக்கும் வணக்கம்.

நான் நடுநிலை வகுப்புகளுக்குக் கணக்கு எடுக்கும் ஆசிரியர். "ஆய்வுகள் நிரூபித்த கற்பித்தல் முறை" என்ற பெயரில் எங்களுக்குச் சுற்றறிக்கைகள் வருகின்றன, பயிற்சி வகுப்புகள் நடக்கின்றன, நிரப்பித் தர வேண்டிய படிவங்களும் கூடவே வருகின்றன. அவற்றைப் பற்றித்தான் உங்களிடம் பேச வேண்டும். ஆய்வின்மேல் எனக்கு நம்பிக்கை இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். நம்பிக்கை நிறையவே இருக்கிறது. அதனால்தான், அது எங்கள் கைக்கு வந்து சேரும்போது சாறெல்லாம் போய்ச் சக்கை மட்டும் மிஞ்சுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

ஓர் ஆய்வு வகுப்பறைக்குள் எப்படி வேலை செய்கிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

4.8, 4.63 இரண்டில் எது பெரியது என்று கேட்டால், சில பிள்ளைகள் 4.63 என்பார்கள். 8ஐவிட 63 பெரியது அல்லவா? இந்தத் தவறு எல்லாக் கணக்கு ஆசிரியர்களுக்கும் பழக்கமானது. ஆனால் இதற்கு நேர் எதிரான தவறு ஒன்றும் உண்டு. மெல்போர்ன் பல்கலைக்கழகத்தில் கே ஸ்டேசியும் விக்கி ஸ்டைன்லியும் ஆயிரக்கணக்கான மாணவர்களிடம் தசம எண்களை ஒப்பிடச் சொல்லிப் பார்த்து, அதை விரிவாக எழுதியிருக்கிறார்கள். புள்ளிக்குப் பிறகு இலக்கம் குறைவாக உள்ள எண்தான் பெரியது என்று நினைக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அதற்கு அவர்களிடம் காரணமும் இருக்கிறது. பத்தில் ஒன்றைவிட நூறில் ஒன்று சின்னது, ஆகவே நூறில் பங்கு வரை போகும் எண் சின்னதாகத்தான் இருக்க வேண்டும் என்பது ஒரு காரணம். 1/4ஐவிட 1/3 பெரியது, அதுபோல 0.4ஐவிட 0.3 பெரியது என்பது இன்னொன்று.

இந்தப் பிள்ளையிடம் 4.8, 4.63 கேள்வியைக் கேட்டால் 4.8 என்று சரியாகச் சொல்லிவிடும். நாமும் சரி போட்டுவிட்டு அடுத்த நோட்டை எடுப்போம். தவறான காரணத்தால் வந்த சரியான விடை அங்கே யார் கண்ணிலும் படாது. கூடவே 5.736, 5.62 இரண்டில் எது பெரியது என்று கேட்டால்தான் நிலவரம் தெரியும். முதல் கேள்வியில் தவறியவர் இதில் சரியாகச் சொல்வார், முதல் கேள்வியில் தப்பித்தவர் இதில் மாட்டுவார். இரண்டு கேள்வியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கேட்கும்போது, யார் மனதில் எந்தக் கணக்கு ஓடுகிறது என்பது வெளியே வருகிறது.

என் வகுப்பில் இதைக் கேட்டு, "ஏன்?" என்று ஒரு வரி எழுதவும் சொன்னேன். எப்போதும் எல்லாம் சரியாகப் போடும் ஒரு மாணவி 5.62 என்று எழுதியிருந்தாள். கீழே காரணம்: "ஆயிரத்தில் ஒன்று நூறில் ஒன்றைவிடச் சின்னது." அந்த வாக்கியத்தில் ஒரு பிழையும் இல்லை. அதிலிருந்து அவள் எடுத்த முடிவுதான் தவறு. அவளிடம் "கடைசியில் ஒரு பூஜ்யம் சேர்த்து இலக்கங்களைச் சமமாக்கு, அப்புறம் ஒப்பிடு" என்ற குறுக்குவழியைச் சொல்லியிருந்தால் விடை சரியாக வந்திருக்கும், உள்ளே இருந்த எண்ணம் அப்படியே கிடந்திருக்கும். அதனால் எண்கோட்டில் 5.6க்கும் 5.8க்கும் நடுவே உள்ள பகுதியை மட்டும் பெரிதாக வரைந்து, இரண்டையும் அதில் குறிக்கச் சொன்னேன். 5.62ஐ எளிதாக வைத்துவிட்டாள். 5.736ஐ வைக்கப் போன கை 5.7 தாண்டியதும் நின்றது. "அப்போ இதுதானே பெரிசு வருது" என்றாள். அதன் பிறகு அவளாகவே முந்தைய விடையை அடித்துவிட்டு எழுதினாள்.

ஸ்டேசியும் ஸ்டைன்லியும் என் வகுப்புக்குப் பாடம் திட்டமிட்டுத் தரவில்லை. எங்கே பார்க்க வேண்டும் என்று காட்டினார்கள், எந்தக் கேள்வி உள்ளே இருப்பதை வெளியே கொண்டுவரும் என்று சொன்னார்கள். அந்தக் கேள்வியை எப்போது கேட்பது, யாரிடம் பூஜ்யம் சேர்க்கும் வழியைச் சொல்லலாம், யாரிடம் இப்போதைக்குச் சொல்லக் கூடாது என்பதெல்லாம் அந்த அறைக்குள் நிற்பவர் முடிவு செய்ய வேண்டியவை. வகுப்பறையில் ஆய்வைப் பயன்படுத்துவது என்று நான் சொல்வது இதைத்தான்.

இதே கண்டுபிடிப்பு சுற்றறிக்கையாக வந்தால் என்ன ஆகும் என்று எங்களுக்குத் தெரியும். "தசம எண் பாடத்துக்கு எண்கோடு கட்டாயம் பயன்படுத்த வேண்டும், பயன்படுத்தியதற்கான புகைப்படத்தை இணைக்கவும்." எண்கோடு வரும், புகைப்படமும் வரும். அந்த மாணவி என்ன நினைக்கிறாள் என்ற கேள்வி மட்டும் வராது.

நினைவிலிருந்து மீட்டுச் சொல்லும் பயிற்சிக்கு நேர்ந்ததையும் பாருங்கள். அமெரிக்க உளவியலாளர்கள் ரோடிகரும் கார்ப்பிக்கும் 2006இல் வெளியிட்ட ஆய்வில், கல்லூரி மாணவர்களுக்குச் சூரியனைப் பற்றியும் கடல் நீர்நாயைப் பற்றியும் சிறு பத்திகளைப் படிக்கக் கொடுத்தார்கள். ஒரு பத்தியைத் திரும்பவும் படிக்கச் செய்தார்கள், இன்னொன்றைத் திரும்பப் படிக்காமல், நினைவில் இருப்பதை எழுதச் செய்தார்கள். 5 நிமிடம் கழித்துச் சோதித்தபோது, திரும்பப் படித்ததில் 81 விழுக்காடும் எழுதிப் பார்த்ததில் 75 விழுக்காடும் நினைவில் இருந்தன. ஒரு வாரம் கழித்து நிலைமை தலைகீழாக மாறியது. திரும்பப் படித்ததில் 42 விழுக்காடு, எழுதிப் பார்த்ததில் 56. படித்து முடித்த கையோடு "நன்றாகத் தெரிகிறது" என்று தோன்றும் உணர்வை நம்ப முடியாது என்பதும் இதில் தெரிகிறது. வகுப்பின் கடைசி ஐந்து நிமிடத்தில் "புரிஞ்சுதா?" என்று கேட்டு, எல்லாரும் தலையாட்டியதும் நிம்மதியாக வெளியே வரும் நம் எல்லாருக்கும் இது முக்கியமான செய்தி.

இது எங்களிடம் "தினமும் சிறுதேர்வு வைக்க வேண்டும், மதிப்பெண்ணைப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும்" என்ற உத்தரவாக வந்து சேர்ந்தது. அந்த ஆய்வில் பலன் தந்தது, மூளையிலிருந்து ஒன்றைத் தேடி எடுக்கும் முயற்சி. அங்கே யாரையும் தரவரிசைப்படுத்தவில்லை. மதிப்பெண் மேலே போய்ச் சேரும் என்று தெரிந்ததும் வகுப்பு மாறிவிடுகிறது. பிள்ளை பக்கத்துத் தாளைப் பார்க்கிறது, ஆசிரியர் எளிய கேள்விகளாகத் தேர்ந்தெடுக்கிறார். நினைவிலிருந்து தேடி எடுக்கும் அந்த முயற்சி, அதாவது எதற்காகத் தேர்வு வைத்தோமோ அதுவே, நடக்காமல் போகிறது. ஆய்வின் பெயர் படிவத்தின் தலைப்பில் இருக்கிறது, அவ்வளவுதான்.

இதைவிட வருத்தமானது ஒன்று உண்டு. கல்வி உளவியலாளர் ரூத் பட்லர் 1988இல் வெளியிட்ட ஆய்வு, இஸ்ரேலில் 5, 6ஆம் வகுப்பு மாணவர்களிடம் நடந்தது. சிலருக்கு மதிப்பெண் மட்டும் கொடுத்தார்கள், சிலருக்கு எங்கே நன்றாகச் செய்திருக்கிறார்கள், எங்கே மேம்படுத்தலாம் என்ற கருத்து மட்டும், சிலருக்கு இரண்டும். கருத்து மட்டும் பெற்றவர்களிடம்தான் ஆர்வமும் திறனும் கூடின. இரண்டும் பெற்றவர்கள், மதிப்பெண் மட்டும் பெற்றவர்களைப் போலவே இருந்தார்கள். ஒரே ஆய்வை வைத்து உலகத்தையே மாற்றச் சொல்லவில்லை. ஆனால் நோட்டைத் திருப்பிக் கொடுக்கும்போது பிள்ளைகளின் கண்ணைக் கவனித்த எந்த ஆசிரியருக்கும் இது வியப்பாக இருக்காது. கண் நேராக எண்ணுக்குப் போகும், பிறகு பக்கத்தில் இருப்பவரின் எண்ணுக்குப் போகும், நோட்டு மூடப்படும். நாம் உட்கார்ந்து எழுதிய மூன்று வரிகளை யாரும் படிப்பதில்லை.

எங்களுக்கு வந்த உத்தரவு என்ன தெரியுமா? எல்லா நோட்டிலும் மதிப்பெண்ணும் போட வேண்டும், கருத்தும் எழுத வேண்டும். பட்லரின் ஆய்வில் எந்தச் சேர்க்கை பலன் தரவில்லையோ, அதையே கட்டாயமாக்கியிருக்கிறோம். அதற்காக ஆசிரியர்கள் இரவு வெகுநேரம் உட்கார்ந்து எழுதுகிறார்கள். வாரத்தில் ஒரு பணியையாவது மதிப்பெண் இல்லாமல் கருத்துடன் மட்டும் திருப்பிக் கொடுக்க எங்களை அனுமதியுங்கள். அந்தக் கருத்தைப் படித்துத் திருத்தி எழுதப் பிள்ளைகளுக்கு வகுப்பிலேயே நேரம் கொடுக்கவும் விடுங்கள். பெற்றோர் கேட்டால் நாங்கள் விளக்கிக்கொள்கிறோம். பார்வையிட வருபவர் "இங்கே ஏன் மதிப்பெண் இல்லை?" என்று சிவப்பு மையால் குறிக்காமல் இருந்தால் போதும்.

பார்வையிடுவதைப் பற்றி இன்னும் ஒன்று. மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர், 1970களில் அறிவியல் வகுப்புகளின் ஒலிப்பதிவுகளைக் கேட்டு ஆராய்ந்தார். கேள்வி கேட்டுவிட்டு ஆசிரியர்கள் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருந்தார்கள். அதை மூன்று நொடியாக நீட்டியபோது பதில்கள் நீளமாயின, வழக்கமாக வாய் திறக்காத பிள்ளைகளும் பேசினார்கள். இதை எந்த ஆசிரியரும் செலவில்லாமல் சோதித்துப் பார்க்கலாம். கைப்பேசியை மேசைமேல் வைத்து ஒரு பாடவேளையைப் பதிவு செய்து, வீட்டில் கேட்டால் போதும். மூன்று நொடி மௌனம் வகுப்பறையில் எவ்வளவு நீளம் என்பது நின்று பார்த்தால்தான் தெரியும். பின் வரிசையில் குறிப்பேட்டோடு ஓர் அதிகாரி உட்கார்ந்திருந்தால் அது இன்னும் நீளும். "வகுப்பு விறுவிறுப்பாக இல்லை" என்று அவர் எழுதிவிடுவாரோ என்ற பயத்தில் ஆசிரியரே பதிலையும் சொல்லிவிடுவார். ஆகவே ஐயா, அம்மா, எங்களுக்குப் பயிற்சி தரும் அதே நாளில் பார்வையிட வருபவர்களையும் உட்கார வையுங்கள். நாங்கள் மௌனமாக நிற்பது எதற்காக என்று அவர்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

கற்றல் பாணி விவகாரத்தைச் சுருக்கமாகவே சொல்கிறேன். பார்த்துக் கற்பவர், கேட்டுக் கற்பவர், செய்து கற்பவர் என்று பிள்ளைகளைப் பிரித்து, அவரவர் பாணிக்கு ஏற்பப் பாடம் நடத்தினால் அதிகம் கற்பார்கள் என்பதற்குப் போதுமான சான்று இல்லை என்று, பாஷ்லர் தலைமையிலான நான்கு உளவியலாளர்கள் அதுவரை வந்த ஆய்வுகளையெல்லாம் அலசி 2008இலேயே எழுதிவிட்டார்கள். படம், பேச்சு, செய்முறை எல்லாமே வகுப்பில் வேண்டும். பாடத்தின் இயல்புக்கு ஏற்ப அவற்றைத் தேர்ந்தெடுக்கிறோம். கோணத்தைப் படம் இல்லாமல் சொல்ல முடியாது, கவிதையை வாய்விட்டுப் படிக்காமல் சொல்ல முடியாது. ஆனால் ஒரு பத்து வயதுப் பிள்ளையிடம் "நீ கேட்டுக் கற்பவன்" என்று சொன்னால், படித்துப் புரிந்துகொள்வது தனக்கு வராது என்று அது நம்பத் தொடங்கிவிடும். அந்தப் பகுதியைப் பயிற்சிக் கையேட்டிலிருந்து எடுத்துவிடுங்கள்.

ஒரு முறை ஆய்வில் பலன் தந்தது என்றால், யாருக்கு, எந்தக் கட்டத்தில் என்ற கேள்வி கூடவே வர வேண்டும். தீர்த்துக் காட்டிய கணக்குகளைப் படிப்பது புதிதாகக் கற்பவர்களுக்கு மிகவும் உதவுகிறது என்று கல்வி உளவியலாளர் ஸ்வெல்லரும் அவரோடு பணியாற்றியவர்களும் 1980களில் காட்டினார்கள். அதே பாதையில் போன பிற்கால ஆய்வுகள், பாடம் ஓரளவு பிடிபட்ட மாணவருக்கு அந்த உதவியே சுமையாகிவிடுகிறது, அவர் தானே தீர்ப்பதுதான் நல்லது என்றும் காட்டின. ஒரே வகுப்பில், ஒரே பாடவேளையில், இரண்டு வகைப் பிள்ளைகளும் என் முன்னே உட்கார்ந்திருக்கிறார்கள். "எல்லா வகுப்பிலும் தீர்த்த கணக்கு மூன்று கட்டாயம்" என்று ஆணையிட்டால், அது அந்த ஆய்வுக்கே முரணானது. நிபந்தனையை வெட்டிவிட்டு முடிவை மட்டும் அனுப்பினால் இப்படித்தான் ஆகும்.

சரி, ஆசிரியர்கள் தாங்களே ஆய்வு செய்யலாமே என்று கேட்பீர்கள். அதைத்தான் நானும் கேட்கிறேன். செயலாய்வு, அதாவது ஒரு மாற்றத்தைத் தானே செய்து பார்த்து அதன் விளைவை ஆராய்வது, என்ற எண்ணத்தை 1940களில் உளவியலாளர் குர்ட் லெவின் முன்வைத்தார். ஆசிரியரே தன் வகுப்பின் ஆய்வாளராக இருக்க வேண்டும் என்று 1970களில் இங்கிலாந்தில் கல்வியாளர் லாரன்ஸ் ஸ்டென்ஹவுஸ் வலியுறுத்தினார். அவர் சொன்னதன் சாரம் இதுதான்: வெளியிலிருந்து வரும் கண்டுபிடிப்பை முடிந்த முடிவாக ஏற்காமல், தன் வகுப்பில் சோதித்துப் பார்க்க வேண்டிய ஒன்றாக ஆசிரியர் எடுத்துக்கொள்ள வேண்டும். எவ்வளவு மரியாதையான எண்ணம் இது! ஆசிரியரின் அறிவின்மேலும், அதே நேரம் ஆய்வின்மேலும் மரியாதை உள்ள எண்ணம்.

இன்று செயலாய்வு எங்களிடம் கோப்பாக இருக்கிறது. முன்தேர்வு, தலையீடு, பின்தேர்வு, கடைசியில் "குறிப்பிடத்தக்க முன்னேற்றம் காணப்பட்டது". நான் பார்த்த கோப்புகள் எல்லாவற்றிலும் முன்னேற்றம்தான் காணப்பட்டிருக்கிறது. எங்காவது ஒரு முயற்சி பலிக்காமல் போயிருக்க வேண்டுமே? போயிருக்கும். அதை எழுதினால் என்ன கேள்வி வரும் என்று ஆசிரியருக்குத் தெரியும், அதனால் எழுதவில்லை. இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. முன்தேர்வில் மிகக் குறைவாக எடுத்தவர்களை மட்டும் தேர்ந்தெடுத்து, சில வாரம் கழித்து மறுபடி சோதித்தால், நாம் எதுவும் செய்யாவிட்டாலும் அவர்களின் சராசரி கொஞ்சம் ஏறத்தான் செய்யும். முதல் நாள் உடம்பு சரியில்லாமல் இருந்தவர்கள், கேள்வியைத் தவறாகப் படித்தவர்கள் எல்லாரும் அந்தக் கூட்டத்தில் இருப்பார்கள். அந்த ஏற்றத்தை நம் முறையின் வெற்றி என்று எழுதிக்கொண்டால், நம்மை நாமே ஏமாற்றிக்கொள்கிறோம்.

இதைத் தவிர்க்கப் புள்ளியியல் பட்டம் தேவையில்லை. இன்னொரு பிரிவுக்கு எடுக்கும் ஆசிரியரோடு பேசி, ஒரு பிரிவில் இப்போதும் மற்றதில் சில வாரம் கழித்தும் அதே முறையைத் தொடங்கலாம். பாடம் முடிந்த மறுநாள் மட்டுமின்றி, ஒரு மாதம் கழித்தும் அதே கேள்வியைச் சொல்லாமல் கொள்ளாமல் கேட்டுப் பார்க்கலாம். யாருக்கு உதவவில்லை என்று பெயர் பெயராகப் பார்க்கலாம். இதைச் செய்யும் ஆசிரியர்கள் எல்லாப் பள்ளியிலும் இருக்கிறார்கள். அவர்கள் அதற்கு ஆய்வு என்று பெயர் வைப்பதில்லை, கோப்பும் போடுவதில்லை. பயிற்சி முகாமில் மேடையேற வேண்டியவர்கள் அவர்கள்தான்.

ஜப்பானில் பாட ஆய்வு என்ற வழக்கம் நூறாண்டுக்கும் மேலாக இருக்கிறது. சில ஆசிரியர்கள் சேர்ந்து ஒரு பாடத்தைத் திட்டமிடுகிறார்கள், ஒருவர் நடத்துகிறார், மற்றவர்கள் வகுப்பில் நின்று கவனிக்கிறார்கள், பிறகு உட்கார்ந்து பேசுகிறார்கள். அதில் எனக்கு மிகவும் பிடித்தது, கவனிப்பவர்களின் பார்வை பிள்ளைகள்மேல் இருப்பதுதான். எந்தப் பிள்ளை எந்த இடத்தில் பேனாவைக் கீழே வைத்தது, யார் எதை எழுதி அழித்தார்கள் என்று குறித்துக்கொள்கிறார்கள். பேச்சு "நீங்கள் ஏன் அப்படிச் செய்தீர்கள்" என்று ஆசிரியரைக் குறுக்கு விசாரணை செய்வதாகப் போகாமல், "அந்தப் பிள்ளை ஏன் அங்கே நின்றது" என்ற திசையில் போகிறது. இதையும் ஆண்டுக்கு ஒரு முறை, பேனர் கட்டி, விருந்தினரை அழைத்து நடத்தும் விழாவாக மாற்றிவிட வேண்டாம் என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்கிறேன்.

இதற்கெல்லாம் வேண்டியது நேரம். ஒரே பாடம் எடுக்கும் ஆசிரியர்களுக்கு வாரத்தில் ஒரு பாடவேளையைப் பொதுவாக ஒதுக்குங்கள். அது கால அட்டவணைக்குள் இருக்க வேண்டும். பள்ளி விட்ட பிறகோ விடுமுறை நாளிலோ வைத்தால், வீட்டில் குழந்தையையும் முதியவரையும் பார்த்துக்கொள்ளும் ஆசிரியர்கள் வர முடியாது. அந்த நேரத்தில் பிள்ளைகளின் விடைத்தாள்கள் மேசைமேல் இருக்கட்டும், கூட்டக் குறிப்பேடு வேண்டாம். பயிற்சியை ஒரே நாளில் பத்துத் தலைப்புகளாக அடைக்காமல், ஒரு தலைப்பை எடுத்துக்கொண்டு, அதை வகுப்பில் செய்து பார்த்துவிட்டு, ஒரு மாதம் கழித்து விடைத்தாள்களோடு அதே ஆட்கள் மறுபடி கூடும்படி அமையுங்கள். ஆய்வுச் சுருக்கங்களை நாங்கள் அன்றாடம் படிக்கும் மொழியில் கொடுங்கள். எந்த வயதினரிடம், எத்தனை நாள், எதோடு ஒப்பிட்டு நடந்தது, எங்கே பலிக்கவில்லை என்பவையும் அதில் இருக்கட்டும். ஆய்வு என்று சொல்லி ஒரு பொருளையோ செயலியையோ விற்க வருபவர்களிடம் இந்தக் கேள்விகளை முதலில் நீங்களே கேட்டுவிடுங்கள். எங்கள் தலைக்கு வந்த பிறகு கேட்டுப் பயனில்லை.

ஆசிரியர் தன் வகுப்பைப் புரிந்துகொள்வதற்காகச் சேகரித்த எதையும், அவரை மதிப்பிடவோ பள்ளிகளை வரிசைப்படுத்தவோ எடுத்துக்கொள்ள மாட்டோம் என்று எழுத்தில் உறுதி கொடுங்கள். அந்த உறுதி இல்லாதவரை நாங்கள் எழுதும் அறிக்கைகளில் முன்னேற்றம் மட்டுமே இருக்கும், நீங்களும் அவற்றிலிருந்து எதையும் கற்றுக்கொள்ள முடியாது.

நேரம் எங்கிருந்து வரும் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். பாடத்திட்டம் முடிக்க வேண்டும், ஆட்கள் குறைவு, எல்லாம் தெரியும். ஆனால் ஒரே வருகை விவரத்தை மூன்று பதிவேடுகளில் எழுதுகிறோம். யாரும் திறந்து பார்க்காத புகைப்படங்களை வாராவாரம் பதிவேற்றுகிறோம். ஆசிரியர்களை அழைத்து, எவற்றை நிறுத்தினால் வாரத்தில் ஒரு பாடவேளை மிஞ்சும் என்று கேளுங்கள். எங்கள் பள்ளியில் அந்தப் பட்டியல் எழுதி முடித்துத் தயாராக இருக்கிறது. நீங்கள் கேட்ட அன்றே அனுப்பிவைக்கிறோம்.

இப்படிக்கு,
ஒரு கணக்கு ஆசிரியர்